விளக்கு வைத்த பின் பொருள் தரப்படாது

நாக்பூர்
10.2.97

அன்புள்ள சித்ராவுக்கு,

இங்கே எல்லாரும் நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் இங்கே 'எல்லாரும்' என்றால் நான் ஒருவன்தான். நலம்.

குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. மூன்றாவது மாடி. இரண்டு அறை, ஒரு அடுக்களை, ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் நிற்க முடியாத பால்கனி. கட்டில், பீரோ, மேசை எல்லாம் வங்கியே போட்டிருக்கிறது. ஆகவே தச்சநல்லூர் வீட்டில் இருக்கிற கனமான சாமான் எதையும் இங்கே ஏற்ற வழியில்லை. நித்யாவுக்குப் பரீட்சை முடிந்து, ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் நீங்கள் இரண்டு பேரும் இங்கே வந்துவிட வேண்டும். அதற்குள் பீரோ, கிரைண்டர், கருப்பு வெள்ளை டி.வி., சாப்பாட்டு மேசை, ஸ்டூல் எல்லாவற்றையும் தள்ளிவிடு.

பதவி உயர்வு என்று சொல்லி என்னை இங்கே அனுப்புவதற்கு முன், 'நெல்லை வாரச் சந்தை'யில் ஒரு விளம்பரம் கொடுத்தேனே, யாராவது வந்தார்களா? கடை கடையாக இலவசமாகப் போடுகிற பத்திரிகையை, பஜ்ஜி மடிக்கத்தான் எடுப்பார்கள் போலிருக்கிறது. இன்னொரு தடவை கொடுத்துப் பார். வாசகத்தை மாற்றாதே. 'நல்ல நிலையில் உள்ள வீட்டு உபயோகப் பொருட்கள் நியாய விலைக்கு. நேரில் அணுகவும்.' பத்தே வார்த்தை. அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்க்க அவசியமில்லை.

இரண்டு விஷயம். யார் வந்தாலும் வாசலோடு பேசி அனுப்பு. விளக்கு வைத்த பிறகு, அதிலும் வெள்ளிக்கிழமை, ஒரு குண்டூசியைக்கூட வெளியே கொடுக்காதே. லட்சுமி கூடவே போய்விடுவாள் என்று அம்மா உயிரோடு இருந்தவரை சொன்னது உனக்கு மறந்திருக்காது. எனக்கும் அதில் விட்டுக்கொடுக்க மனசில்லை.

ஒவ்வொரு சாமானாக வெளியே போகப் போக, நீ எனக்கு ஒரு ஸ்டேஷன் கிட்டத்தில் வருகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். சீக்கிரம் விற்று முடி.

அன்புடன்,
தில்லைநாயகம்

*

தச்சநல்லூர்
19.2.97

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் நித்யாவும் சௌக்கியம். பீரோ போய்விட்டது.

முதலில் ஒரு மன்னிப்பு. உங்கள் விளம்பரத்தை மாற்றிவிட்டேன். 'நல்ல நிலையில் உள்ள' என்று எல்லாரும்தான் போடுகிறார்கள். போன வாரம் உங்கள் விளம்பரத்துக்குப் பக்கத்திலேயே நல்ல நிலையில் உள்ள ஆடு ஒன்று இருந்தது. மூன்று வாரத்தில் நம் வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு ஆள். அவரும் ஆட்டைக் கேட்டு வந்தவர்.

அதனால் பீரோவை மட்டும் தனியாக எழுதினேன். இப்படி:

'மர பீரோ. இடது கதவு முனகும். கண்ணாடியில் பொட்டு ஒட்டிய தடம் உண்டு. பூட்டு ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. மாலை நான்கு முதல் ஆறு வரை பார்க்கலாம். விளக்கு வைத்த பின் பொருள் தரப்படாது.'

ஜங்ஷன் பக்கம் இருக்கிற அச்சகத்துக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்திரிகையை நடத்துகிற அப்பாத்துரை அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, விக்கப்போற பொருளையே குறை சொல்லுதியளே. இது விளம்பரமா, சண்டையா?" என்றார். "போட்டுப் பாருங்க அண்ணாச்சி, வரலேன்னா அடுத்த வாரம் எங்க வீட்டுக்காரக எழுதுனதையே போட்ருவோம்" என்றேன்.

பதினோரு பேர் வந்தார்கள் அத்தான். நான் பயந்தே போனேன். களக்காட்டிலிருந்து ஒரு வாத்தியார் வந்து இடது கதவை மூன்று முறை திறந்து மூடினார். "சொன்ன மாதிரியே முனகுதே. அப்ப மத்ததும் நெசமாத்தான் இருக்கும்" என்று சொல்லி, பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டார். குறையை நாமே சொல்லிவிட்டால் வருகிறவருக்குக் குறைக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை.

நமக்கு போன் இல்லாததால், எதிர் வீட்டில் உங்கள் சித்தப்பா மகன் பிச்சைக்கண்ணுவின் நம்பரை பி.பி. என்று போட்டிருக்கிறேன். யாராவது கேட்டால் அவர் வாசலில் நின்று கூப்பிடுகிறார். பாவம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
சித்ரலேகா

*

நாக்பூர்
27.2.97

அன்புள்ள சித்ராவுக்கு,

பீரோ விற்றது சந்தோஷம். சந்தோஷம் என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பதினெட்டு வருஷம் வங்கியில் கடிதம் வரைந்தவன் நான். மண்டல அலுவலகத்திலேயே 'தில்லைநாயகம் டிராஃப்ட் போட்டால் கமா மாற்ற வேண்டாம்' என்பார்கள். என் பத்து வார்த்தைக்கு ஒரு ஆட்டு வியாபாரி. உன் முனகலுக்குப் பதினோரு பேர். இருக்கட்டும்.

ஆனால் அந்தப் பொட்டுத் தடம் எதற்கு? ராத்திரி முகம் கழுவும்போது நீ பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டுவது நம் அறைக்குள் நடக்கிற காரியம். அதை இப்போது தச்சநல்லூர் முதல் களக்காடு வரை படித்திருக்கிறார்கள். அந்த வாத்தியார் முகம் பார்க்கும்போதெல்லாம் அது அவர் கண்ணில் படும். துடைத்துவிட்டாவது கொடுத்தாயா?

இன்னொன்று. ஒரு கடிதத்தில் அப்பாத்துரை முழு வசனம் பேசுகிறார். எனக்கு 'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று இரண்டே வார்த்தை. அவருக்கு என்ன வயது?

இங்கே மாசி மாதமே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கூட வேலை பார்க்கிற ஒருவரிடம் பழைய ஏர்கூலர் வாங்கினேன். மூன்று வருஷம்தான் ஓடியது என்றார். ரைஸ் மில் மாதிரி சத்தம். காற்று வரவில்லை, தண்ணீர் மட்டும் வருகிறது. கீழ் வீட்டுக்காரர் இரண்டு முறை மேலே வந்துவிட்டார்.

தில்லைநாயகம்

*

தச்சநல்லூர்
8.3.97

அன்புள்ள அத்தானுக்கு,

தடத்தைத் துடைக்கவில்லை. இருக்கிறது என்று எழுதி விற்ற பிறகு துடைத்தால் அது பொய்யாகிவிடாதா?

அப்பாத்துரை அண்ணாச்சிக்கு நாற்பத்திரண்டு வயது. மூன்று பிள்ளைகள். மனைவி டவுனில் நர்ஸ். எப்போதும் மூக்கில் மை. போதுமா?

கிரைண்டர் போய்விட்டது. அதை ஓட்டிக் காட்டாமல் விற்கக் கூடாது என்று முடிவு செய்து, காலையிலேயே அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டேன். நாலு மணிக்கு வந்தவர்கள் முன்னால் ஆட்டினேன். சிந்துபூந்துறையிலிருந்து வந்த ஒரு அம்மா மாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு யோசித்துக்கொண்டே நின்றார். ஒரு தூக்கு மாவைக் கையில் கொடுத்து, "சுட்டுப் பார்த்துட்டு நாளைக்கு வாங்க" என்றேன். மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் வந்து, "தோச நல்லா எந்திரிச்சு வந்துச்சும்மா, ஆட்டோ கூட்டியாந்துட்டேன்" என்றார். டி.வி.யும் சாப்பாட்டு மேசையும்கூட அந்த வாரமே போய்விட்டன. நானும் நித்யாவும் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம்.

உங்கள் கூலர் கதையைப் படித்து நித்யா விழுந்து விழுந்து சிரித்தாள். பழைய பொருள் வாங்கும்போது, "ஏன் விற்கிறீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் அத்தான். அவர் பேசுகிற பேச்சிலேயே பொருளின் நோய் வெளியே வந்துவிடும். நீங்கள் அவரைப் பேசவிடாமல் உங்கள் பதவி உயர்வைப் பற்றிச் சொல்லியிருப்பீர்கள்.

பிச்சைக்கண்ணுவுக்குத்தான் என் மேல் கொஞ்சம் வருத்தம். "மதினி, என் போனு இப்ப உங்க ஆபீஸாயிட்டு. எனக்கு வாரது ஒண்ணு, உங்களுக்கு வாரது ஒம்பது" என்கிறார். அவருடைய மொபெட்டை 'கண்டிஷன் சூப்பர்' என்று நாலு வாரமாகப் போடுகிறார், ஒருவரும் வரவில்லை. "நான் எழுதித் தாரேன்" என்று, 'வெயிலில் ஒரு உதை, மழையில் மூன்று உதை, ஆனால் வழியில் நிற்காது' என்று எழுதிக் கொடுத்தேன். "என் வண்டிய கேவலப்படுத்துதியளா?" என்று தாளைக் கிழித்துவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இனி பெரிய சாமான் என்று பார்த்தால் கட்டில்தான் பாக்கி. நீங்கள் பட்டியலில் எழுதவில்லை. அப்பா எனக்குக் கல்யாணத்துக்குச் செய்து கொடுத்த தேக்குக் கட்டில். என்ன செய்ய?

உங்கள்,
சித்ரலேகா

*

நாக்பூர்
18.3.97

சித்ரா,

கட்டிலையும் விற்றுவிடு. மரம்தானே.

இந்த வரியை எழுதி இரண்டு நாள் ஆகிறது. நீ 'என்ன செய்ய' என்று கேட்டதற்குப் பதில், 'அதை மட்டும் விற்க மாட்டேன்' என்று எழுதியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் தெரியுமா? எத்தனை செலவானாலும் லாரியில் ஏற்றச் சொல்லியிருப்பேன். நீ கேள்வியாகக் கேட்டாய். நான் அதிகாரியாகப் பதில் சொன்னேன்.

பிச்சைக்கண்ணு வாராவாரம் பத்திரிகையைத் தபாலில் அனுப்புகிறான். எதற்கு அனுப்புகிறான் என்று எனக்குத் தெரியும்; நான் புகையட்டும் என்றுதான். புகைகிறேன். அந்த மூன்றுகால் ஸ்டூலைப் பற்றி எழுதியிருக்கிறாயே, 'நான்காவது கால் போன வருஷம் போனது. அன்று முதல் இது சுவரோடு நட்பு. பூந்தொட்டி வைக்கலாம், மனிதர் ஏறக் கூடாது' என்று. அதை என் மேசையில் பார்த்துவிட்டு மதுரைக்காரர் ஒருவர் கேன்டீனில் எல்லாருக்கும் படித்துக் காட்டினார். "உங்க மிஸஸா சார் எழுதுனது?" என்று கேட்டார்கள். பெருமையாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். என் வாயில் அது வரவில்லை. "அச்சகத்தில் யாராவது திருத்தியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு டீ கசந்தது.

உனக்குக் கைராசி என்று ஊரில் பேச்சாமே. எத்தனை சாமான் பாக்கி என்று எழுதவே மாட்டேன் என்கிறாய். ஜூன் எத்தனை தூரம் என்று ஞாபகம் இருக்கிறதா?

தில்லை

*

தச்சநல்லூர்
1.4.97

அன்புள்ள அத்தானுக்கு,

நம் சாமானில் கட்டில் மட்டும்தான் பாக்கி. ஆனால் வீடு நிறைந்திருக்கிறது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் எழுதாமல் இருந்தேன்.

மேலப்பாளையத்திலிருந்து பாத்து அக்கா தையல் மெஷினைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். "நீ எழுதுனா வித்துரும்ளா. எனக்கு அடுத்த மாசம் கண் ஆபரேசன், இனி ஊசி கோக்க முடியாது" என்றார். அப்புறம் ஒருவர் ரேடியோ. ஒருவர் பிள்ளை வளர்ந்துவிட்டதென்று மூன்று சக்கர சைக்கிள். பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் வீட்டில் ஊஞ்சலைப் பார்த்து எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நானும் நித்யாவும் பஸ்ஸில் போய், சங்கிலி கிரீச்சிடுகிறதா என்று அரை மணி நேரம் ஆடிப் பார்த்து எழுதினோம். விற்றது. புறப்படும்போது அந்த வீட்டு அம்மா ஒரு கவர் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன், கை வாங்கிவிட்டது. நான் சம்பாதித்த முதல் பணம் அத்தான் அது. நித்யாவுக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தேன், எனக்கும் ஒன்று.

அப்பாத்துரை அண்ணாச்சி ஒன்று கேட்கிறார். மூன்றாம் பக்கம் முழுவதையும் நானே எழுத வேண்டுமாம். அச்சகத்தில் ஒரு மேசை போட்டுத் தருகிறாராம். காலை பத்து முதல் மூன்று வரை. நான் பதில் சொல்லவில்லை. ஜூன் பற்றியும் இப்போது எழுதவில்லை. கொஞ்சம் பொறுத்து எழுதுகிறேன்.

கட்டில் விளம்பரம் இந்த வாரம் வருகிறது. பிச்சைக்கண்ணு அனுப்புவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்:

'தேக்குக் கட்டில். பதினாலு வருஷம் ஆனது, கால் ஆடாது. மெத்தை இலவசம். மெத்தையில் வலது பக்கம் பள்ளம் உண்டு. அங்கே படுத்தவர் வெளியூரில் வேலை பார்க்கிறார். விளக்கு வைத்த பின் பொருள் தரப்படாது.'

உங்கள்,
சித்ரலேகா

*

நாக்பூர்
17.4.97

சித்ரலேகா,

நேற்று எஸ்.டி.டி.யில் பிச்சைக்கண்ணுவிடம் பேசினேன். அவனாகச் சொல்லவில்லை, நான்தான் கிண்டிக் கேட்டேன்.

போன வெள்ளிக்கிழமை உடன்குடியிலிருந்து ஒரு ஆள் கட்டில் பார்க்க வந்தானாம். சாயங்காலம் வந்தவன் மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் கட்டிலை ஏற்றிக்கொண்டு போனானாம். "வேறொண்ணும் எனக்குத் தெரியாதுண்ணே, கண்ணால கண்டதச் சொல்லுதேன்" என்றான்.

வாசலோடு பேசி அனுப்பு என்று நான் எழுதியது எந்தக் கடிதத்தில் என்று எடுத்துப் பார். வலது பக்கம் பள்ளம் என்று ஊருக்கெல்லாம் அச்சடித்தால், நிரப்ப ஆள் வரத்தான் செய்வான். கட்டிலில் படுத்துப் பார்த்துத்தான் வாங்கினானோ?

மூன்றாம் பக்கம் வேண்டாம். மேசையும் வேண்டாம். வீட்டில் கிடக்கிற அடுத்தவர் சாமானையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பரீட்சை முடிந்த மறுநாளே ரயிலேறு.

தில்லைநாயகம்

*

தச்சநல்லூர்
24.4.97

திரு. தில்லைநாயகம் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் பிரித்தது நித்யா. அப்பா கடிதம் வந்தால் அவள்தான் பிரிப்பாள், அது உங்களுக்கும் தெரியும். கூலர் சமாசாரம் இருக்கும் என்று சிரித்துக்கொண்டே சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். பாதியில் சத்தம் நின்றது. படித்துவிட்டு என்னிடம் கொடுத்து, "அவரு வேன்லதானம்மா படுத்தாரு, அப்பாட்ட யாரும் சொல்லலியா?" என்று கேட்டாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, உங்களுக்காக என்னிடம் வக்காலத்து வாங்கியது.

நடந்ததை எழுதுகிறேன். உங்களுக்காக அல்ல, குறையில்லாமல் சொல்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

வந்தவர் பெயர் காசிலிங்கம். உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம். கூட வந்தது அவர் மனைவி இசக்கித்தாய். முதுகில் ஆபரேஷன் செய்து, தரையில் படுத்து எழ முடியாமல் இருக்கிறார். அவருக்குத்தான் கட்டில். மூன்று மணிக்குப் புறப்பட்ட வேன் வழியில் பஞ்சராகி, அவர்கள் வரும்போது நான் விளக்கேற்றிவிட்டேன். வெள்ளிக்கிழமை. "விளக்கு வச்சாச்சு, இனி காலைலதான் தர முடியும்" என்றேன். அந்த மனிதர் ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை. "எங்க வீட்லயும் அப்பிடித்தான் தாயி. நாங்க வேனுலயே கெடந்துட்டு விடிஞ்சதும் எடுத்துக்கிடுதோம்" என்றார். முதுகு வலிக்கிற ஒரு பெண்ணை வேனில் படுக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. இசக்கித்தாய் அந்தக் கட்டிலில்தான் படுத்தார், நானும் நித்யாவும் கீழே. காசிலிங்கம் தெருவில் வேனுக்குள் படுத்தார். எதிர் வீட்டுப் பிச்சைக்கண்ணு ஜன்னலில் நின்று அதையும் பார்த்தார். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தது.

ஆக, அவர்களைத் தங்கவைத்தது உங்கள் சொல். உங்கள் அம்மாவின் சொல். நான் அதை மீறியிருந்தால் ஏழு மணிக்கே கட்டில் போயிருக்கும், உங்களுக்கும் இந்தக் கடிதம் எழுத வேலை இருந்திருக்காது.

காலையில் போகும்போது இசக்கித்தாய், "இடுப்பு நோவாம ஒறங்கி ஆறு மாசமாச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இந்த வீட்டில் இப்போது நம் சாமான் ஒன்றும் இல்லை. இருப்பதெல்லாம் முகம் தெரியாதவர்கள் என்னை நம்பி விட்டுப்போனவை. சீட்டு எழுதி வாங்கவில்லை, சாட்சி வைக்கவில்லை. பதினாலு வருஷம் கூட வாழ்ந்தவருக்குத்தான் நான் வாசலோடு பேசினேனா உள்ளே பேசினேனா என்று சந்தேகம்.

மூன்றாம் பக்கத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை முதல் போகிறேன்.

சித்ரலேகா

*

நாக்பூர்
8.5.97

சித்ரா,

மன்னிப்பு என்று எழுதினால் நீ படிக்காமல் மடித்துவிடுவாய் என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு. நித்யாவிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தனியாக நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். டிராஃப்ட் போடுவதில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன்.

எனக்குப் பொறாமை. அந்த வார்த்தையைச் சுற்றிச் சுற்றி வந்தேனே தவிர எழுதவில்லை. அப்பாத்துரை மேல் இல்லை. காசிலிங்கம் மேலும் இல்லை. அவனைப் பற்றி அந்த வரியை எழுதும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். அதுதான் பெரிய கேவலம்.

உன் விளம்பரங்களின் மேல்தான் பொறாமை. எல்லாவற்றையும் வெட்டி வைத்திருக்கிறேன். ஸ்டூலின் காலைப் பற்றி எழுதியவள் என்னைப் பற்றி ஒரு நாளும் அப்படி எழுதியதில்லை. 'அங்கே படுத்தவர் வெளியூரில் வேலை பார்க்கிறார்' என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அடுத்த நிமிஷமே கோபம் வந்தது. இது எனக்கு வரவேண்டிய வரி, ஜில்லாவுக்கே ஏன் போனது என்று. என்னிடம் சொல்லாததை நீ முகம் தெரியாதவர்களிடம் சொல்கிறாய். அவர்களும் வந்து நிற்கிறார்கள், பதினோரு பேர், பதினைந்து பேர். நான் இங்கே தண்ணீர் சொட்டுகிற கூலருக்குக் கீழே பக்கெட் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நான் இல்லாமல் உனக்கு எல்லாம் நன்றாக நடக்கிறது. நடக்காது என்று நினைத்திருந்தேன். நடக்கக் கூடாது என்று ஆசைப்பட்டிருக்கிறேன் போலிருக்கிறது.

லீவு கிடைத்திருக்கிறது. 24ஆம் தேதி காலை வருகிறேன். பத்து நாள் இருப்பேன். திரும்புவதற்கு ஜூன் 3க்கு மூன்று டிக்கெட் எடுத்துவிட்டேன். எடுக்கும் முன் உன்னைக் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன். வருவாயா?

தில்லை

*

தச்சநல்லூர்
15.5.97

அன்புள்ள அத்தானுக்கு,

வாருங்கள். 24ஆம் தேதி சனிக்கிழமை, பத்திரிகை வெளிவருகிற நாள். நான் அச்சகத்துக்குப் போயிருப்பேன். நித்யா சாவி வைத்திருப்பாள். அவளிடம் நீங்கள் எழுத வேண்டாம், நேரில் சொல்லுங்கள். அவளும் நேரில்தான் கேட்பேன் என்கிறாள்.

டிக்கெட்டில் இரண்டை ரத்து செய்துவிடுங்கள். நாங்கள் ஜூனில் வரவில்லை. நித்யாவை இங்கேயே எட்டாம் வகுப்பில் சேர்த்துவிட்டேன், வீட்டு வாடகையையும் ஒரு வருஷத்துக்குப் பேசிவிட்டேன். கோபத்தில் செய்ததில்லை. கோபம் போய் ஒரு வாரம் யோசித்துத்தான் செய்தேன். தீபாவளிக்கும் பெரிய லீவுக்கும் நாங்கள் வருகிறோம். உங்கள் மூன்றாவது மாடியைப் பார்க்க எனக்கும் ஆசைதான்.

உங்கள் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். பொறாமை என்று பட்டென்று எழுதியதற்கு உங்கள் மேல் எனக்கு மரியாதைதான் வந்தது. அதனால் நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன்.

தினமும் ஒன்பது மணிக்கு நீங்கள் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குவீர்கள். முக்குக் கடை பாபநாசம் எழுந்து நின்று, "வாங்க சார்" என்பார். பஸ் ஸ்டாப்பில் நாலு பேர் நகர்ந்து இடம் விடுவார்கள். உங்களுக்கு ஒரு மேசை, ஒரு பெயர்ப்பலகை, ராத்திரி வந்து சொல்ல ஒரு கதை. நான் டிபன் கேரியரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுத்த நாள் ஒன்பது மணிக்காக அரிசி களைவேன். அந்தத் தெருவில் ஒருவருக்கும் என் பெயர் தெரியாது. 'பேங்க் சார் வீட்டம்மா'. போன வாரம் பாபநாசம், "சித்ரலேகா அக்கா, என் கடை தராசுக்கு ரெண்டு வரி எழுதித் தாரியளா?" என்று கேட்டார். நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

உங்கள் மேல் எனக்குப் பொறாமை அத்தான். கல்யாணமான மறு மாதத்திலிருந்து. நீங்கள் மூன்று மாதம் பட்ட பொறாமைக்கு எனக்கு நாலு கடிதம் எழுதிவிட்டீர்கள். நான் பதினாலு வருஷம் பட்டேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எந்த விலாசத்துக்கு எழுத?

உங்கள்,
சித்ரலேகா